குறியட்டையைப் பார்க்காத அக்கா

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் டீ ஆர்டர் எழுதுவது குறியட்டையின் முதுகில்தான். பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட அட்டையை ஈயக் குண்டுகளால் துளைத்துவிட்டு, நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் நாலைந்து விழுந்துவிட்ட சந்தோஷத்தில் ஒருவர் அதைக் கழற்றிக்கொண்டு ஆயுத அறை ஜன்னலுக்கு ஓடி வருவார். உள்ளே இருக்கும் அக்கா அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா அட்டையை அப்படியே திருப்பி மேசையில் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, யார் யாருக்கு கோப்பி, யாருக்குச் சீனியும் பாலும் போடாத தே ஓ என்று கேட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்.

நன்றாகச் சுட்டவன் அட்டைக்கும் அதே கதி, சுவரைச் சுட்டவன் அட்டைக்கும் அதே கதி. முன்பக்கம் அவர் பார்வைக்குப் போனதை நான் கண்டதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. என் அட்டை எப்படி என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அவர் அட்டையைப் பற்றிப் பதில் சொல்லமாட்டார். "ஏழாவது ஷாட்ல மூச்ச விட்டுட்டீங்க பாஸ்" என்பார், அல்லது இடது காலைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள் என்பார். நீ சுடும்போது அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு போய் எங்கே விழுந்தது என்பது அவருக்குப் பழைய செய்தி.

அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எனக்கு அப்போது நாற்பத்தாறு. கிளப்பில் எழுபது தாண்டிய சீனப் பெரியவர் முதல் மலாய்க்காரப் போலீஸ்காரர்வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் பதிலுக்குத் தமிழர்களை அண்ணே என்பார், மற்ற எல்லோரையும் பாஸ் என்பார். ஒல்லியான உடம்பு, ஆண்கள் போடும் பெரிய டயல் கடிகாரம், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. ஞாயிற்றுக்கிழமையில் மாதாகோவில் பூசை முடிந்து நேராக வருவார். அன்றைக்கு மட்டும் தலையில் பூ இருக்கும்.

அவரை நான் அறிந்தது என் மனைவி மூலமாக. வாரநாட்களில் அவர் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாற்பது வயதில் லைசென்ஸ் எடுக்கப் புறப்பட்ட என் மனைவி முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "என்னங்க, அந்தப் பொம்பள ரோட்டையே பாக்கலைங்க. பந்திங் ரோட்டுல லோரி லோரியா வருது, அது என் காலையே பாத்துக்கிட்டு வருது." எனக்கும் திகிலாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள். பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் பாதம் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதுமாம், ரோட்டைத் தனியாகப் பார்க்க வேண்டாமாம்.

மீன் வாங்கும்போதும் இதே கதைதான் என்று பிறகு மனைவி சொன்னாள். கிள்ளான் பாசாரில் அக்கா மீனைத் தொட்டுப் பார்ப்பதில்லை, செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு வந்ததா என்று கேட்டுவிட்டு மீன்காரர் முகத்தைப் பார்ப்பாராம். மீன்காரர் ஐஸை அள்ளிப் போடுகிற சாக்கில் தலையைக் குனிந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவாராம்.

இப்படிப் பார்க்கப்படுவது சுகமான காரியம் இல்லை. அதிலும் ஒளிக்க ஒன்று இருப்பவனுக்கு.

என்னிடம் ஒன்று இருந்தது. என் அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டில் அவர் கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்; கப்பலின் வயிற்றுக்குள் மூட்டையை முட்டை மாதிரி இறக்குவாராம். அந்தக் கை அவருடைய நாற்பத்தேழாவது வயதில் ஆட ஆரம்பித்தது. முதலில் வலது கட்டைவிரல். பிறகு கரண்டி. பிறகு கோப்பியை யாரும் அவருக்கு நிறைய ஊற்றுவதில்லை. பார்க்கின்சன் என்ற பேர் எங்களுக்குத் தெரியவர இரண்டு வருடம் ஆனது. அதுவரை குடிக்கிறார் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்போது பதினேழு வயது. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்காராமல், நண்பர்களோடு சாப்பிடுகிறேன் என்று எதிர் வரிசைக்குப் போய்விட்டேன். அவர் சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா போனபிறகு நாற்பத்தேழு என்ற எண் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நெருங்க நெருங்க என் வலது கையை நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் போகும் தைரியமும் இல்லை. கிளப்பில் வார இறுதியில் அக்காதான் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிறாராம் என்று மனைவி பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பிஸ்டல் சுடுவது கையின் பரீட்சைதானே? அதில் பாஸ் செய்துவிட்டால் எனக்கு நோய் இல்லை. வீட்டில் மன ஒருமைக்காகப் போகிறேன் என்று சொன்னேன். மனைவி நம்பினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் பிஸ்டலைப் பற்றி முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் இருக்கும். கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு, கறுப்பாக, நீளமாக, விலை கேட்டால் வாயைப் பிளக்கவைக்கிற ஒன்றைச் சொல்வார்கள். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கிளப்பின் பழைய பிஸ்டல்கள் மூன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து அந்த வெள்ளைத் துண்டால் மூடுவார். மூன்றும் காற்றழுத்தத்தில் சுடுபவை. அக்கா வைத்த பெயர்களே கிளப்பில் நிலைத்துவிட்டன. பெரிய மரப்பிடி போட்ட கனமானது லோரி. நடுத்தரமானது பஸ். சின்னப் பிடியும் லேசான உடம்புமாக, பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என்று வாங்கிப்போட்டது சைக்கிள்.

அவருடைய சோதனை இதுதான். குண்டு போடாத பிஸ்டலைக் கையில் பிடி. கண்ணை மூடு. கையைத் தூக்கி, உனக்கு இயல்பாக வருகிற இடத்தில் நிறுத்து. இப்போது கண்ணைத் திற. பிஸ்டலின் பின்பக்கம் இருக்கிற சின்ன வெட்டுக்கு நடுவில், குழல் முனையில் இருக்கிற முனைக்குறி தானாக வந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பிடி உன் கைக்கு ஆனது. மணிக்கட்டை வளைத்துத்தான் அதை உட்காரவைக்க வேண்டும் என்றால் அது வேறு யாருடைய பிஸ்டலோ. இதைப் பத்துத் தடவை செய்யச் சொல்வார். சோதிக்கப்படுகிறவர் குறியைப் பார்த்துக்கொண்டிருப்பார், அக்கா மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் எனக்கு லோரி. கண்ணைத் திறந்தால் முனைக்குறி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவையும். நான் சத்தமில்லாமல் மணிக்கட்டை வளைத்து நேராக்கிவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொன்னேன். பஸ்ஸும் கொஞ்சம் அப்படித்தான். பிறகு சைக்கிள். கண்ணைத் திறந்தேன். வெட்டுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விட்டு, முனைக்குறி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. அந்த லேசான முனை, தையல் மிஷின் ஊசி மாதிரி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

சூடான பாத்திரத்தைத் தொட்டவன் மாதிரி அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா ஏன் என்று கேட்டார். லேசாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பார்த்துவிட்டு, நான் என்ன குடிப்பேன் என்று கேட்டார்.

அடுத்த நாலு மாதம் லோரியும் நானும்தான். கனமான பிஸ்டல் மெதுவாக ஆடும்; ஆட்டம் வெளியே தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் என் தோள் வேறு சொன்னது. இருபதாவது ஷாட் வரும்போது கை மொத்தமாக உதறும். உடனே கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவேன். டீ வந்தால் எல்லோரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பேன். கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். அட்டைகள் படுமோசம். அவற்றைப் பார்க்காத ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது.

அக்கா ஒரு காலத்தில் மாநில அளவில் சுட்டவர் என்று கிளப்பில் சொல்வார்கள். ஒருநாள் அதைக் கேட்டேன். எத்தனை அடித்தீர்கள், என்ன பரிசு என்று. நான் துறைமுகத்தில் சரக்குப் பத்திரங்கள் பார்க்கும் கிளார்க். எதையும் காகிதத்தில் எண்ணாகப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். கன்டெய்னர் கண்ணெதிரே நின்றாலும், பத்திரத்தில் எண் தப்பாக இருந்தால் அது வரவில்லை என்றுதான் எழுதுவேன். அக்கா சிரித்தார். "அதெல்லாம் பழைய அட்டைண்ணே" என்றார். அந்த அட்டைகளின் முதுகிலும் யாரோ கோப்பி ஆர்டர் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை சொந்தப் பிஸ்டல் வாங்க விரும்புகிறவர்களின் மனுவைக் கிளப் சேர்த்து அனுப்பும். நம் நாட்டில் காற்றுப் பிஸ்டலுக்கும் போலீஸ் அனுமதி வேண்டும், வாங்கியபிறகும் அது கிளப்பின் இரும்பு அறையில்தான் இருக்கும். என்ன மாடல், பிடி என்ன அளவு, எல்லாம் மனுவில் எழுத வேண்டும். எழுதி அனுப்பியபிறகு மாற்றுவது பெரிய சூசா, பெரிய தலைவலி. நான் யோசிக்கவே இல்லை. லோரியின் புது மாடலை எழுதினேன். பெரிய அளவுப் பிடி என்று எழுதினேன். குழலுக்குக் கீழே மாட்டுகிற கூடுதல் எடைக்கட்டியையும் சேர்த்து எழுதினேன். தெளிவான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அக்கா மனுவை வாங்கினார். வழக்கம்போல் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மற்றவர்களின் மனுக்கள் மேலே இருந்த கோப்பில் கிடந்தன.

என்னுடையதை ஏன் உள்ளே வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க பிஸ்டல் தேடலண்ணே. கையை ஒளிக்கிறதுக்கு இடம் தேடுறீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மனுவை அனுப்புவதுதான் உங்கள் வேலை, ஆராய்ச்சி பண்ணுவது இல்லை என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் வைத்தியம் பார்க்க வேண்டாம் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று வாரம் கிளப் பக்கம் போகவில்லை. அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு, கையை நீட்டி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்ப்பேன். தாளின் ஓரம் படபடக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். அப்போதும் படபடக்கும். ஒருநாள் இதைப் பதினோரு தடவை செய்தேன். எனக்கு வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். என் மகள் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் யார் உட்காருவார்கள் என்றுவரை யோசித்தேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பாசாரில் மனைவியைப் பார்த்த அக்கா ஒரே ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை அண்ணன் வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போகட்டும், சுட வேண்டாம். மனைவி அதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். வீட்டிலும் இந்தப் பார்வை தொற்றிவிட்டதே என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்கு ரேஞ்ச் காலியாக இருந்தது. எழுபது தாண்டிய சீனப் பெரியவர் மட்டும் மூலையில் சுட்டுக்கொண்டிருந்தார். கிளப்பிலேயே நன்றாகச் சுடுபவர் அவர்தான். பாறை மாதிரி நிற்பார். அக்கா சைக்கிளை எடுத்துத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டு, கூட்டங்களில் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்துவார்களே, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கை ரப்பர் பேண்டால் குழல்மேல் கட்டினார். தானே நின்று, கையை நீட்டி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை அட்டையை நோக்கிப் பிடித்தார்.

"என்னைப் பாக்காதீங்க. இன்னிக்கு மட்டும் அட்டையைப் பாருங்க."

பார்த்தேன். சிவப்புப் புள்ளி அட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, குறுக்கே. ஓய்வே இல்லை. மாநிலத்துக்குச் சுட்ட கை அது. அவர் பெரியவரைக் கூப்பிட்டு அவர் கையிலும் கொடுத்தார். பெரியவர் எதற்கென்று கேட்காமல் பிடித்தார். அவர் புள்ளி சின்ன வட்டத்துக்குள் சுற்றியது, அவ்வளவுதான் வித்தியாசம். பாறையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பெரியவர் தன் புள்ளியைத் தானே பார்த்துச் சிரித்துவிட்டு, "ஓல்ட் லா" என்று சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போனார்.

ஆடாத கை இங்கே யாருக்கும் கிடையாது என்றார் அக்கா. நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஒருவனும் ஒரு குண்டுகூடச் சுடமுடியாது; ஆடுகிறபடியே விட்டுவிட்டு, ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுக்கிறவனுக்குத்தான் அட்டை. லோரியை எடுத்தால் ஆட்டம் போய்விடாது, தோள்தான் போகும். எனக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. ஆக எனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் இல்லை என்று சொல்லித் தட்டிக்கொடுத்திருப்பார்கள். அக்கா பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு எனக்கெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அப்பாவைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். கட்டைவிரல், கரண்டி, கல்யாணப் பந்தி, நாற்பத்தேழு, எல்லாம். டீ ஆறிப்போனது.

"எல்லாருக்கும் ஆடும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே. நான் டாக்டர் இல்ல. போய்க் காட்டிட்டு வாங்க. எதுவா இருந்தாலும் வாங்க, உங்களுக்கு ஒரு பிஸ்டல் பாத்து வைக்கிறேன். ஃபார்ம் அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

எதுவாக இருந்தாலும் வாருங்கள் என்றாரே, அதுதான் என்னை டாக்டரிடம் அனுப்பியது.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, கிள்ளானில் ரயில் ஏறி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். நரம்பு டாக்டர் என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர்போல் எனக்குத் தெரிந்தார். நடந்து காட்டச் சொன்னார். தன் விரலைத் தொட்டு என் மூக்கைத் தொடச் சொன்னார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகவேகமாகத் தட்டச் சொன்னார். தாளில் ஒரு சுருளை வரையச் சொன்னார். பிறகு கைகளை மடியில் போட்டுச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு எப்போது ஆடும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, மடியில் சும்மா கிடக்கும் கைதான் ஆடும். உங்களுக்கோ நீட்டிப் பிடிக்கும்போதுதான் ஆடுகிறது, மடியில் கிடக்கும்போது அசையவே இல்லை என்றார் அவர். அந்த நோயின் அறிகுறி ஒன்றும் இப்போது இல்லை. களைப்பு, ஒரு நாளைக்கு ஆறு கோப்பி, அதற்குமேல் பயம். வருங்காலத்துக்கு உத்தரவாதம் தரமுடியாது, வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றும் சொன்னார்.

இதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். பிஸ்டல் வாங்க என்றேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தவுடன் பசித்தது. மாதக்கணக்கில் எனக்கு அப்படிப் பசித்ததில்லை. சாலையோரக் கடையில் நின்று நாலு வடை சாப்பிட்டேன், தேங்காய்ச் சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். கோப்பியை ஒரு கையால் பிடித்தேன். கொஞ்சம் சிந்தியது, சிந்தட்டும் என்று விட்டேன். பிறகு மனைவிக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள், "நாலு மாசமா கப்பை ரெண்டு கையால புடிச்சிக்கிட்டிருந்தீங்க, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்று கேட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பூமாலைக் கடைக்கும் வடைக் கடைக்கும் நடுவில் நின்று ஒரு பெரிய மனுஷன் அழுவதைப் பார்த்து, மாலை கட்டும் பெண் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். பாவம், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அக்கா இப்போது கிள்ளானில் இல்லை. சில வருடங்கள் கழித்துக் குடும்பத்தோடு பினாங்குப் பக்கம் போய்விட்டார். அங்கேயும் யாராவது ஒருவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு ஐம்பது தாண்டி ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. வருடா வருடம் டாக்டரிடம் போய்வருகிறேன். அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டரைப் பார்த்துவந்த வாரத்துச் சனிக்கிழமைதான் ஞாபகம் வரும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை உறையோடு நீட்டினேன். கிளப்பில் நல்ல கூட்டம். நான் ஒரு பத்திரக்காரன். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பத்திரம் என் கைக்கு வந்ததில்லை. அவர் அதைப் பிரித்து வரிவரியாகப் படிக்க வேண்டும், ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார். நெற்றியை, கண்ணை, தோளை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, பிரித்து, ஒரு எழுத்தையும் பார்க்காமல் அப்படியே திருப்பி மேசையில் போட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

டீ ஆர்டர்தான் என்று நினைத்து எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"கையை வைங்கண்ணே."

பிடியின் அளவு பார்க்கக் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, படம் எடுத்துக் கடைக்கு அனுப்புவார்கள். கடிதத்தின் முதுகில் என் வலது கையை விரித்து வைத்தேன். அவர் மணிக்கட்டில் ஆரம்பித்து, கட்டைவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் இறங்கி ஏறி வரைந்துகொண்டே வந்தார். பென்சில் விரலிடுக்கில் போகும்போது கூசியது. வரைந்து முடித்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, சின்ன அளவுப் பிடிதான் என்றார். இவ்வளவு சின்னக் கையை வைத்துக்கொண்டா அண்ணே லோரி ஓட்டினீர்கள் என்று கேட்டார். இழுப்பறையைத் திறந்து என் பழைய மனுவைக் கிழித்துவிட்டு, புது மனுவை என் பக்கம் தள்ளினார். சைக்கிளின் பெயரை எழுதினேன்.

எழுதி முடித்துக் கடிதத்தை எடுத்தபோதுதான் பார்த்தேன். கையின் கோடு எல்லா இடத்திலும் சீராகப் போயிருந்தது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு அங்குல நீளத்துக்கு, நெளிநெளியாக இருந்தது. அக்காவிடம் காட்டி, என் கை ஆடியிருக்கிறது பாருங்கள் என்றேன்.

அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அது என் கைண்ணே" என்றார்.